'ரெஸ்பெக்டட் சார்' போடலாமா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். லண்டனில் இருக்கும் மேலாளர் 'ஹாய்' என்று தொடங்கி இரண்டே வரியில் மின்னஞ்சல் எழுதுகிறார். நான் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அவரைப் போல எழுத எனக்கு மனம் வரவில்லை, மரியாதைக் குறைவாகப் படுகிறது. எப்படித்தான் எழுதுவது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சிரிப்பவர்களை விடுங்கள். ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினால் நானும் 'ரெஸ்பெக்டட் சார்' என்றுதான் தொடங்குவேன். நம் ஊரில் அது செல்லும். லண்டன்காரருக்குத்தான் அந்நியமாகத் தெரியும்.

நமக்கு நீ, நீங்கள் இருக்கிறது. மரியாதை வினைமுற்றிலேயே வந்துவிடும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'தௌ' என்ற ஒருமை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் அது பொதுவழக்கிலிருந்து மறைந்து, எல்லோரும் 'யூ' ஆகிவிட்டார்கள். ஆகவே அவர்கள் மரியாதையைக் கேட்கிற விதத்தில் காட்டுகிறார்கள். 'செண்ட் மீ தி ஃபைல்' என்பது கட்டளை. 'குட் யூ செண்ட் மீ தி ஃபைல் பை ஃப்ரைடே?' என்றால் முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் கிடைக்கிறது. பணிவு என்று நீங்கள் நினைக்கும் 'கைண்ட்லி' பிரிட்டிஷ் காதில் பல சமயம் எரிச்சலாகவே விழும்.

அப்புறம், கனமான சொற்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவை பிரெஞ்சு பேசியது. 'கமென்ஸ்', 'பர்ச்சேஸ்' போன்றவை பிரெஞ்சு வழி வந்தவை. அந்தத் தோரணை இன்னும் அவற்றை விடவில்லை. ஒப்பந்தங்களில் இருந்துவிட்டுப் போகட்டும். அன்றாடக் கடிதத்துக்கு 'பிகின்', 'பை' போதும். 1998இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எளிய ஆங்கிலத்துக்கென்று ஒரு கையேடே வெளியிட்டது. அதன் முன்னுரையில் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட், தன் நிறுவனத்தின் ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் தெரியாதவர்கள். அவ்வளவு பெரிய பணவிவகாரத்துக்கே அந்த நடை போதுமென்றால் ஒரு கோப்பு கேட்பதற்கு என்ன?

முன்பின் தெரியாதவருக்கு முதல் கடிதம், புகார், ராஜினாமா என்றால் சம்பிரதாய நடையே சரி. அங்கே 'டோன்ட்', 'கான்ட்' வேண்டாம், விரித்தே எழுதுங்கள். உங்கள் மேலாளருக்கு 'ஹாய்' போட்டு அவர் பெயரை எழுதுங்கள். கடித முடிவில் தன் முதல்பெயரை மட்டும் அவர் போடுகிறார் என்றால், அப்படியே அழைக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.