பேட்டரியை மாற்றாதீர்கள், முதலில் கன்ட்ரோலரைப் பாருங்கள்

கேள்வி: டெம்போ டிராவலர் ஒன்றை கேரவனாக மாற்றி வைத்திருக்கிறேன். கூரையில் 330 வாட் சோலார் பேனல் இரண்டு. லெட் ஆசிட் வகை டியூபுலர் பேட்டரியை எடுத்துவிட்டு, போன வருஷம் 12 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரி போட்டேன். மத்தியானத்துக்குள், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் ஃபுல் என்று காட்டிவிடுகிறது. ஆனால் நடுராத்திரிக்கு மேல் ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது. பேட்டரி போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். அக்டோபரில் லடாக் போகலாம் என்றிருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் மாற்றியது பேட்டரியை மட்டும்தான். டியூபுலருக்காக வைத்த பழைய கன்ட்ரோலர் அப்படியே இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அது காட்டும் ‘ஃபுல்’லை நம்ப வேண்டாம். வோல்டேஜை மட்டும் பார்த்துத்தான் அது கோடுகளை ஏற்றுகிறது. டியூபுலர் பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்துவிட்டது என்று பொருள். உங்களுடைய லித்தியம் ஃபெர்ரோ பாஸ்பேட் பாதி நிறையாதபோதே 13.1, 13.2 காட்டும். அப்புறம் எண்பது சதவீதம் வரை ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கும். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தெரிய வேண்டுமானால், உள்ளே போகும் வெளியே வரும் ஆம்பியரைக் கணக்கு வைக்கும் ஷன்ட் மீட்டர் ஒன்று வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம். உச்சி வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை எடுத்து, கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் ஒருமுறையும் பேட்டரியின் மேலேயே ஒருமுறையும் அளந்து பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயர் மெலிது, இல்லையென்றால் வயர் முனையில் மாட்டும் லக் சரியாக அழுத்திக் கிரிம்ப் ஆகவில்லை. 4 ஸ்கொயர் எம்எம் வயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். தன் முனையில் 14.4 வந்துவிட்டதைப் பார்த்துக் கன்ட்ரோலர் கரண்ட்டைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரிக்கு வந்து சேர்ந்திருப்பதோ 13.5தான். 16 ஸ்கொயர் போடுங்கள், கன்ட்ரோலரைப் பேட்டரி பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, பேட்டரி இன்னும் நிறையாத காலை பத்து, பதினொரு மணி வாக்கில், அதே கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் அளக்க வேண்டும். உங்கள் பேனல்கள் 72 செல் வகையாக, பேரலலாக இணைத்தவையாக இருந்தால் அங்கே 35 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேட்டரி வோல்டேஜை ஒட்டி 13, 14 என்று காட்டினால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது, பேனலை அதிக சக்தி தரும் வோல்டேஜில் ஓடவிட்டு அதைப் பேட்டரிக்கேற்ப மாற்றித் தரும் எம்பிபிடி இல்லை, பேனலை நேரே பேட்டரியோடு இணைக்கும் சாதாரண பிடபிள்யூஎம். மூடியில் கொட்டை எழுத்தில் எம்பிபிடி என்று அச்சடித்து, உள்ளே பிடபிள்யூஎம் போர்டை வைத்து விற்கும் மோசடி சந்தையில் ஏராளம். இதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் தெரியுமா? அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரக்கூடியது. பிடபிள்யூஎம் அதே 9 ஆம்பியரை 13 வோல்ட்டில்தான் பேட்டரிக்குத் தள்ளும். 330 வாட் 120 வாட் ஆகிவிடும். இரண்டையும் பேரலலாக இணைத்திருந்தால், 660 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 240 வாட்டோடு ஊர் சுற்றுகிறீர்கள்.

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பாடி கட்டியவர் பேட்டரிக்காரரைக் காட்டுவார், பேட்டரிக்காரர் எலெக்ட்ரீஷியனைக் காட்டுவார். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு வயரிங் படம்கூட வரைந்து கொடுப்பதில்லை. வாரண்டி அட்டையிலோ, சார்ஜ் செய்த விதம் தவறு என்று கைகழுவ வசதியாக ஒரு வரி இருக்கும். சரியான விதம் எது என்று மட்டும் எழுதியிருக்காது. எனவே உங்கள் பேட்டரிக்கான சார்ஜ் வோல்டேஜ், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டான பிஎம்எஸ் எந்த வெப்பநிலையில் துண்டிக்கும் ஆகிய இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால், பேட்டரிக்காரர் வேறு சொல்லாதவரை, பூஸ்ட் (நிறைக்கும் வோல்டேஜ்) 14.2 முதல் 14.4, ஃப்ளோட் (நிறைந்தபின் தாங்கிப் பிடிக்கும் வோல்டேஜ்) 13.5. டியூபுலருக்கு அவ்வப்போது வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஈக்வலைஸ் கட்டாயம் நிறுத்தப்பட வேண்டும். வெப்பநிலைக்கேற்ப வோல்டேஜை மாற்றும் அமைப்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். அது டியூபுலருக்கானது. மூடிய வண்டிக்குள் கன்ட்ரோலர் 45 டிகிரியைத் தொட்டால், 0.36 வோல்ட் வரை தானாகவே குறைத்துவிடும். பழைய கன்ட்ரோலரில் இதையெல்லாம் மாற்ற முடியாவிட்டால் அதைத்தான் மாற்ற வேண்டும். கழற்றும்போது முதலில் பேனல் வயர், பிறகு பேட்டரி வயர்.

கடைக்காரர் மீட்டரை வைத்து ‘ஜீரோ வோல்ட், செத்துவிட்டது’ என்று காட்டினாலும் பதற வேண்டாம். சார்ஜ் மிகவும் இறங்கினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் வெளி முனைகளைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரியே தெரியாததால் பல கன்ட்ரோலர்கள் சார்ஜைத் தொடங்காது. லித்தியத்துக்கான சார்ஜரைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இப்படி நல்ல பேட்டரிகளைப் பழைய விலைக்கு வாங்கி, எழுப்பி, மறுபடி விற்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

இனி லடாக். அங்கே அக்டோபர் இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், பேனலும் தயாராக இருக்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. அது பழுதல்ல. செல் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதனால்தான் நல்ல பிஎம்எஸ் தடுக்கிறது. ஆனால் விலை மலிவான பிஎம்எஸ்களில் வெப்பநிலை சென்சாரே இருக்காது, தடுக்காமல் ஏற்றிக்கொண்டே போகும். அப்படிப்பட்டதாக இருந்தால், பேட்டரி சூடேறும் வரை பேனல் ஸ்விட்சை நீங்களே அணைத்து வையுங்கள். காற்று சூடானது போதாது, செல் சூடாக இன்னும் சில மணி நேரம் ஆகும். அதிலிருந்து கரண்ட் எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை, ஃப்ரிட்ஜும் விளக்கும் ஓடலாம். வண்டிக்கு அடியில் தொங்கும் பெட்டியில் பேட்டரி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே கேபினுக்குள், நீங்கள் படுக்கும் இடத்துக்குக் கீழே மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஏறவில்லையே என்று வழியில் யாராவது பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிறேன் என்றால் வண்டியைத் தொட விடாதீர்கள்.