மட்டக்களப்பில் இரண்டு நாள் கடற்கரை விடுமுறை: பழைய கப்பல்களையும் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் ஏறி நின்று படம் எடுக்கிற மாதிரிக் கப்பல் எதுவும் எங்கள் ஊரில் இல்லை. இங்குள்ளவை கடலின் அடியில் கிடக்கின்றன. அம்மா அப்பாவும் சின்னப் பிள்ளைகளும் கூட வருவதாக நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பதால், எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரிச் சொல்கிறேன்.

முதலில், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல். விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய உலகின் முதற்கப்பல் இதுதான். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு அஞ்சி முதல்நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்த ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு நேரே கடலில் அகப்பட்டுக்கொண்டது. அதன் விமானங்கள் அப்போது கரையில் நின்றன. தளத்தில் ஒன்றுகூட இல்லை. குண்டு விழத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மூழ்கிவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூடவே வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கிப்போனது. பக்கத்தில் வந்த வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல்தான் நூற்றுக்கணக்கானோரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. ஆழச்சுழியோடலில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இறங்க வேண்டிய இடம். களியாட்டத்துக்கு இறங்குகிற இடமாக அதை நினைக்காதீர்கள், அத்தனை பேரின் கல்லறை அது. ஒரு சின்ன ஆணியைக்கூட எடுத்து வரக்கூடாது.

உங்களில் யாராவது சான்றிதழ் உள்ள சுழியோடி என்றால், அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலைக் கேளுங்கள். பாசிக்குடாப் பக்கத்துக் கடலில், சுமார் 24 மீற்றரில் கிடக்கிறது. அதற்கும் தொடக்கநிலைச் சான்றிதழ் போதாது, அடுத்த நிலை வேண்டும். சித்திரை முதல் புரட்டாசி வரை கடல் அமைதி, தண்ணீரும் தெளிவு. மாரியில் வந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

இறங்காதவர்களுக்கு? ஒரு மாலை முகத்துவாரம் போங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. வாவி கடலோடு கலக்கிற இடம், கலங்கல் நீரும் நீலமும் சேருகிற கோடு கண்ணுக்குத் தெரியும். கிழக்கே கையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அந்தக் காலைப்பொழுதைச் சொல்லுங்கள். என் மகள் அங்கே நின்றுதான், "அவங்களுக்கு நீந்தத் தெரியாதா அப்பா?" என்று கேட்டாள்.

குளிக்கப் பாசிக்குடாதான் சரி. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர், பெரியவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். கல்லடிக் கடல் அப்படி இல்லை, அலை இழுக்கும். அங்கே மணலில் இருந்து காற்று வாங்கினால் போதும்.

நேரம் மிஞ்சினால் கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் போனது. ஒல்லாந்தக் கப்பல்கள் இலங்கைக்கு முதன்முதல் வந்து நங்கூரமிட்டதும் இந்த மட்டக்களப்புக் கடலில்தான், 1602இல்.

கொழும்பிலிருந்து வருவதானால் உதயதேவி ரயிலில் ஏறுங்கள். ஆசனங்களை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், விடுமுறைக் காலத்தில் கிடைக்காது.