நாடுகளின் சுற்றாடல் ஒத்துழைப்பைக் கணித மாதிரியாக்குவது எப்படி?

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் மாணவர், எல்லா நாடுகளும் ஒத்துழைத்தால் எல்லோருக்கும் இலாபம் என்று தமது செயற்றிட்ட மாதிரி காட்டியும், நடைமுறையில் அவை ஏன் ஒதுங்குகின்றன என்று கேட்டிருக்கிறார். மொத்த இலாபத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், தனியொரு நாட்டின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

திருகோணமலைக்கு அருகிலுள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறைகளை வெளிறச் செய்யும் கடல்வெப்பத்தை எந்த நாடும் தனித்துக் குறைக்க முடியாது. 10 நாடுகள் என்க. உமிழ்வைக் குறைக்கும் நாட்டுக்குச் செலவு 5 அலகு. அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் (தனக்கும்தான்) நன்மை 2 அலகு. பத்தும் இணைந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 − 5 = 15 மிஞ்சும். ஆனால் ஒன்று மட்டும் விலகினால், செலவேதும் இன்றி மற்ற ஒன்பதால் அதற்கு 9 × 2 = 18 கிடைக்கும். ஆகவே விலகுவதே அதற்கு இலாபம்.

எந்தக் கூட்டு நிலைக்கும்? மூன்று நாடுகள் இணைந்தால் தலா 6 − 5 = 1 மிஞ்சும்; அவற்றில் ஒன்று விலகினால் மற்ற இரண்டுக்கும் 4 − 5 = −1 என்றாகி ஒப்பந்தமே கலைந்துவிடும் என்பதால், எதுவும் விலகாது. நான்காவது நாடு சேர்ந்தால் அதற்கு 8 − 5 = 3, வெளியே நின்றால் செலவின்றி 6. எனவே 10 அல்ல, 100 நாடுகள் இருந்தாலும் நிலைக்கும் கூட்டு மூன்றுதான்! இந்த மாதிரியின் சுவையே இங்குதான் இருக்கிறது.

இனி, விலகும் நாட்டுக்கு வர்த்தகத் தடையாக t என்னும் இழப்பைச் சேருங்கள். பத்து நாட்டுக் கூட்டில் t > 3 ஆனால் எவருக்கும் விலகுவது இலாபமில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கை, தரப்பினரல்லாத நாடுகளுடனான வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தியது; இன்று அதில் 198 தரப்பினர் உள்ளனர். ஓசோனைச் சிதைக்கும் பொருட்களுக்கான மாற்றுப் பொருட்களின் விலையும் நிதியுதவியும் அதற்குத் துணைநின்றதால், t மட்டுமே காரணம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம்.