2001இல் கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு எந்த நேரத்தை வைத்துச் சாதகம் கணிப்பது?

கேள்வி: மகள் 2001 பெப்ரவரி 12 காலை 6.50க்குக் கொழும்பில் பிறந்தவள். இப்போது சம்பந்தம் பேசுகிறோம். இங்குள்ள சாத்திரியார் மகர லக்னம் என்கிறார். சென்னையில் கணித்த குறிப்பில் கும்பம். எது சரி? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: மகரம்தான். லக்னம் என்பது பிறந்த வேளையில் கிழக்கில் உதிக்கும் ராசி, நேரம் பிழைத்தால் அதுவும் பிழைக்கும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தானே என்று சென்னைக்காரர் 6.50ஐ அப்படியே போட்டிருப்பார். இன்றைக்கு ஒரே நேரம்தான், அன்றைக்கு அப்படியில்லை.

1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்வெட்டு வாட்டியது. மாலை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் போக 2006 ஏப்ரல் 15 ஆயிற்று. அதுவரை பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்கூடம் போனார்கள்!

ஆகவே உங்கள் 6.50, இன்றைய கணக்கில் 6.20. அன்று கொழும்பில் சூரியன் உதித்தது 6.28 அளவில். பிள்ளை உதயத்துக்கு முன் பிறந்திருக்கிறாள். பஞ்சாங்க நாள் உதயத்தில்தான் தொடங்கும் என்பதால், நாட்காட்டியில் திங்கள் என்றாலும் பஞ்சாங்கப்படி ஞாயிறு.

அரை மணித்தியாலம் என்றால் ஒன்றேகால் நாழிகை. அதற்குள் லக்னம் எல்லோருக்கும் மாறாது, ஆனால் ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் கட்டாயம் மாறும். நட்சத்திரம் மாறுவது அபூர்வம். எனவே நட்சத்திரத்தை வைத்துப் பத்துப் பொருத்தம் பார்த்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. லக்னத்திலிருந்து எண்ணும் செவ்வாய் தோஷத்தை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கணினியில் போடும்போது ஊர் கொழும்பு என்று கொடுத்ததும் கிரீன்விச் நேரத்திலிருந்து வித்தியாசம் 6.00 என்று காட்டினால், மென்பொருளே கழித்துக்கொள்ளும், நீங்கள் 6.50 என்றே கொடுங்கள். 5.30 என்று காட்டினால் 6.20 கொடுங்கள். இரண்டு பேரும் கழித்தால் குறிப்பு மறுபடி பிழைத்துவிடும். 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்குக் கழிக்க வேண்டியது ஒரு மணித்தியாலம். யுத்த காலமான 1942 முதல் 1945 வரை பிறந்த பாட்டன் பாட்டிமாரின் குறிப்புகளிலும் இதே சிக்கல் உண்டு.

மாப்பிள்ளை வீட்டார் வன்னி என்றால் ஒன்று கேளுங்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. அந்த நேரத்தில் எழுதிய குறிப்பில் எதையும் கழிக்கக் கூடாது.