அஜைல் திட்டத்தில் காலமும் செலவும் இறுகும்போது தரத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

தரம், காலம், செலவு என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். நான்காவதாக வேலையின் அளவு, அதாவது அலுவலகத்தில் நாங்கள் ஸ்கோப் என்று சொல்வது, விடுபட்டிருக்கிறது; என் அனுபவத்தில் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அஜைல் முறையில் வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்கிறோம்; ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தச் சுற்று இரண்டு வாரம் என்றால் காலம் முன்பே முடிவாகிவிடுகிறது, குழுவில் ஆறு பேர் என்றால் செலவும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. மிச்சமிருப்பவற்றில் ஸ்கோப்பைக் குறைக்க வாடிக்கையாளரிடம் வாய் திறந்து பேச வேண்டும்; தரத்தைக் குறைப்பதற்கோ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் நெருக்கடியில் முதலில் பலியாவது தரமாக இருக்கிறது.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்காக பில்லிங் மென்பொருள் செய்தபோது அந்தத் தவற்றை நானே செய்தேன். வெள்ளிக்கிழமை டெமோ இருந்ததால், வரிக் கணக்கீட்டுக்கான ஆட்டோமேட்டட் டெஸ்ட்களை, அதாவது கணக்கு சரியாக வருகிறதா என்று தானாகவே சோதிக்கும் நிரல்களை, அடுத்த ஸ்பிரிண்டில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஸ்பிரிண்டில் வேறு அவசரம் வந்தது. அதற்கடுத்ததில் தள்ளுபடி வசதியைச் சேர்த்த ஒருவர், மொத்தத் தொகைக்கு வரி கணக்கிட்டுக்கொண்டிருந்த இடத்தை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காசுக்கு முழுமையாக்கும்படி மாற்றிவிட்டார். 10 ரூபாய் 50 காசு விலையில் பத்துப் பொருள்கள் இருந்தால், மொத்தம் 105 ரூபாய்க்கு 9 சதவீத மத்திய ஜிஎஸ்டி 9 ரூபாய் 45 காசு. பொருள்வாரியாகக் கணக்கிட்டால் 94.5 காசு 95 காசாகி, 9 ரூபாய் 50 காசு வருகிறது. மாநில ஜிஎஸ்டியிலும் அதே 5 காசு கூடுவதால் பில்லுக்குப் பத்துக் காசு பிசகும். மாதக் கடைசியில் அவர்களுடைய கணக்காளர்தான் கண்டுபிடித்தார். திருத்தம் அரை மணி நேர வேலை. எந்தெந்த பில்கள் தவறாகப் போயின என்று தேடிப் பிரிக்க இரண்டு பேருக்கு ஒரு வாரம் பிடித்தது. நாங்கள் தள்ளிப்போட்டதோ அரை நாள் வேலை.

இப்படித் தள்ளிப்போடுவதைக் கடனோடு ஒப்பிட்டு 1992-இல் பேசியவர் அமெரிக்க மென்பொருளாளர் வார்ட் கன்னிங்காம். சிறிது கடன் வேகம் தரும், ஆனால் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. எங்கள் அலுவலகங்களில் முதல் பாதி மட்டும் நன்றாகவே பரவியிருக்கிறது.

இப்போது நான் பின்பற்றுவது, 1994-இல் உருவான டிஎஸ்டிஎம் என்ற அஜைல் வகை முறையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதில் காலம், செலவு, தரம் மூன்றும் நிலையானவை, அம்சங்கள் மட்டுமே கூடிக் குறையலாம். இல்லாமல் முடியாது என்ற வகை வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் பரிந்துரை. எதையாவது விட வேண்டி வந்தால் முழு அம்சத்தையும் தூக்குவதற்கு முன் அதை மெலிதாக்கப் பார்க்கிறேன். சரக்கு திரும்பி வந்ததற்கான கிரெடிட் நோட்டில் வரி சரியாக வந்து பதிவாக வேண்டும். அதை அழகான பிடிஎஃப் ஆக அச்சிடுவது அடுத்த மாதம் வரலாம். தரத்திலும் எல்லாம் ஒரே எடை கொண்டவை என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேர் பயன்படுத்தும் அறிக்கைத் திரை மூன்று நொடியில் திறந்தால் போதுமா என்பதை வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம். கணக்குப் பிழையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

விலை நிர்ணயித்துக் கையெழுத்தான ஒப்பந்தங்களில் ஸ்கோப்பைத் தொடவே விடமாட்டார்கள் என்பீர்கள். அங்கே குறைப்பு என்ற சொல்லை விட்டுவிட்டு, புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவுள்ள ஒன்று வெளியே போக வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதைப் பேச வேண்டிய நாள் ஸ்பிரிண்டின் மூன்றாவது அல்லது நான்காவது நாள். ஒன்பதாவது நாளில் பேசினால் அது சாக்காகத்தான் கேட்கும். அந்த பில்லிங் திட்டத்தின் அடுத்த கட்டத்தில், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நாள் கணக்கை எழுதிப் பட்டியலை வாடிக்கையாளர் முன் வைத்தபோது, கட்டாயம் என்று நாங்கள் எண்ணியிருந்த மூன்று மொழி பில் அச்சை அவரே பேனாவால் அடித்தார். இரண்டு ஆண்டுகளாகியும் அதை அவர் கேட்கவில்லை.