கேள்வி – பதில்: கருவிணைவு உலையில் சிரட்டைக்கரிக்கு என்ன வேலை?

கேள்வி: மின்குமிழ் இழையில் இருக்கும் அதே தங்குதனால்தான், ஐதரசன் கருக்களை ஈலியமாக இணைத்துச் சக்தி பெறும் கருவிணைவு உலையின் உட்சுவரையும் அமைக்கிறார்களாம். இலேசில் உருகாத உலோகம் பிளாஸ்மாவை, அதாவது உள்ளிருக்கும் மின்னேற்றமுள்ள சூடான வாயுவை, எப்படி மாசுபடுத்தும்?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: தங்குதன் உருக 3,422 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் உருகாமலே அணுக்கள் பெயரும். பிளாஸ்மாவிலிருந்து தப்பிவரும் அயன்கள் சுவரில் மோதி, கரம் காய் சிதறுவதுபோல் அணுக்களைத் தெறிக்க வைக்கின்றன.

தெறித்த அணு நடுப்பகுதிக்குப் போவதுதான் ஆபத்து. அங்கே 150 மில்லியன் பாகை வெப்பத்தில் ஐதரசனிடம் இலத்திரனே மிஞ்சாது. 74 இலத்திரன்களுள்ள தங்குதனோ அந்தச் சூட்டிலும் பலவற்றை இறுகப் பிடித்திருக்கும். அவை ஓயாமல் சக்தியை எக்ஸ் கதிராக வெளியே கொட்டும். 10,000 எரிபொருள் அயன்களுக்கு ஒரு தங்குதன் சேர்ந்தாலே எரிதலைத் தக்கவைப்பது மிகக் கடினம். காபன் சுவரில் இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் அது எரிபொருளில் ஒன்றான திரித்தியத்தை (கதிரியக்கமுள்ள ஐதரசன் வகை) உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பரிகாரமும் ஒரு மாசுதான், அதுதான் இத்துறையின் அழகு! விளிம்பில் சிறிதளவு நியோன் வாயுவை விடுவார்கள். அது அங்கேயே ஒளிர்ந்து வெப்பத்தைச் சுவரெங்கும் பரப்பிவிடும். வெளியேறும் வெப்பத்தையும் கழிவு வாயுவையும் வாங்கும் அடிப்பகுதியான டைவேர்ட்டரின் தகடுகளில் எல்லாம் ஒரே இடத்தில் விழாது. பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையில் அவை தாங்கவேண்டியது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 மெகாவாற்று. தகட்டருகே பிளாஸ்மாவின் வெப்பநிலை சில இலத்திரன்வோல்ற்றுக்கு (சில பத்தாயிரம் பாகைக்கு) இறங்கினால் தெறிப்பும் வெகுவாகக் குறையும். நியோன் மிஞ்சினால் விளிம்பு அளவுக்குமேல் குளிர்ந்து முழுப் பிளாஸ்மாவுமே சரிந்துவிடும். நைதரசனும் உதவும், ஆனால் திரித்தியத்தோடு சேர்ந்து அமோனியாவாகி எரிபொருளை மீட்பதைச் சிக்கலாக்கும். உள்ளே புகுந்துவிட்ட தங்குதன் மையத்தில் குவியாதிருக்க, மையத்தையே நுண்ணலையால் சூடாக்குவார்கள்.

கேள்வி: எரிந்தபின் மிஞ்சும் ஈலியத்தை எப்படி அகற்றுவார்கள்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நம் ஊர்ச் சிரட்டைக்கரியின் உறவுக்காரனால்! டைவேர்ட்டர் பக்கம் ஒதுங்கும் வாயுவைக் குளிர்ப்பம்பிகள் இழுக்கும். 4.5 கெல்வினில் (ஏறத்தாழ −269 பாகை செல்சியஸ்) நியோன் உறைந்து தகட்டில் ஒட்டிவிடும், ஈலியம் ஒட்டாது. அதனால் தகடுகளில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த ஏவப்பட்ட காபனைப் பூசுகிறார்கள். அதன் நுண்துளைகளில் ஈலியம் சிக்கும். துளைகள் நிரம்புமுன் பம்பிகளை முறைவைத்து மூடி, சூடாக்கி, வாயுவை வெளியேற்ற வேண்டும். பிந்தினால் ஐதரசனும் கூடச் சேர்ந்து, காற்றுப் புகுந்தால் வெடிக்கக்கூடிய அளவை எட்டிவிடும்.