215 வோல்ட்டும் ஒரு முறைப்பாடும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டுக் கரண்டின் வோல்டேஜை நாள் முழுக்கப் பதிந்துவைக்க, ஆர்டுவினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டில், கரண்டின் வோல்டேஜைச் சிறிதாக்கித் தரும் இசட்.எம்.பி.டி.101பி மொடியூலைப் பூட்டினேன். லாப்டொப்பில் செருகி, மல்டிமீட்டரைப் பார்த்து 233க்குச் சரிசெய்தேன். அப்புறம் போன் சார்ஜருக்கு மாற்றிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் இரவு முழுக்க 215! 230இலிருந்து 6 வீதம்தானே கூடலாம், குறையலாம்? மின்சார சபைக்கு முறைப்பாடு எழுதட்டுமா?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள ர.,

பேனையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். 6 வீதம் சரிதான், கீழ் எல்லை 216. ஒரு வோல்ட்டில் வழக்குப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் லாப்டொப்பிலிருந்து சார்ஜருக்கு மாற்றினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

ஊனோ தனக்கு வரும் 5 வோல்ட்டை 1024 துண்டாக வெட்டி, உள்ளே வந்தது எத்தனையாவது துண்டு என்று மட்டும் சொல்லும். அந்த 5 வருவது யூ.எஸ்.பி. வயரிலிருந்து. லாப்டொப் 4.7 தந்து சார்ஜர் 5.1 தந்தால் துண்டு பெருக்கும், எண்ணிக்கை குறையும். 233ஐ 4.7ஆல் பெருக்கி 5.1ஆல் வகுத்துப் பாருங்கள், 215 கிட்ட வரும். கரண்ட் குறையவில்லை, முழக்கோல் நீண்டுவிட்டது. இரண்டு முறையும் போர்டின் 5 வோல்ட் பின்னில் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

மருந்தும் ஊனோவின் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதில் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான வோல்டேஜ், ஒன்று உண்டு. சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை வேறுபடும், ஆனால் ஒரே சிப்பில் பெரிதாக ஆடாது. ஒருதரம் அளந்து எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதை வைத்து 5 வோல்ட் உண்மையில் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதே மொடியூலை வாங்கிவந்து, 225க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதே என்று இரண்டு கிழமை கடைக்காரரைத் திட்டியவன் நான். கடைசியில் அலையை வரைந்து பார்த்தால், மேல் முனைகள் எல்லாம் கத்தியால் சீவியதுபோல் தட்டை. மொடியூலில் சிக்னலைப் பெருக்கும் எல்.எம்.358 என்ற சிப், 5 வோல்ட்டில் ஓடும்போது ஏறக்குறைய 3.5க்கு மேல் தராது. அலையின் நடு 2.5இல் இருப்பதால் மேலே போக 1 வோல்ட்தான் இடம். அந்தப் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் நீலத் திருகை, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்துக்கொண்டு, முனைகள் உருண்டையாகும்வரை குறையுங்கள். மொடியூலின் அடிப்பக்கத்தில் 230 வெறுமனே கிடக்கிறது. பெட்டிக்குள் போடாமல் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தா படுத்தீர்கள்?

அலையிலிருந்து வோல்டேஜைக் கணக்கிடும்போது, ஒவ்வோர் அளவிலும் நடுப்புள்ளியைக் கழித்து, வர்க்கங்களைக் கூட்டி, சராசரியின் வர்க்கமூலம் எடுங்கள். முழு அலைகளாக எடுக்க வேண்டும்: 50 ஹேர்ட்ஸில் ஓர் அலை 20 மில்லி செக்கன், பத்து அலை போதும். உச்சத்தைப் பிடித்து 1.414ஆல் வகுக்கும் குறுக்குவழி வேண்டாம். வீடு நிறைய சார்ஜரும் எல்.இ.டி.யும் இருக்கும் காலத்தில் அலை ஒழுங்கான சைன் இல்லை.

அப்புறம், நீங்கள் சரிபார்த்த மல்டிமீட்டர் அந்த மலிவான மஞ்சள் நிறத்ததா? அதன் ஏசி துல்லியம் வழக்கமாக 1.2 வீதமும் கடைசி இலக்கத்தில் 10உம், அதாவது இங்கே 10 வோல்ட். 233இல் அது 13 வோல்ட் கிட்ட வருகிறது. அலை சைனாக இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் யாரிடமாவது ஒரு மணித்தியாலம் கடன் வாங்குங்கள். அதற்குப் பிறகும் 215 என்றால் எழுதுங்கள், கடிதத்தை நானே திருத்தித் தருகிறேன்.